எரியாத டெஸ்டர்

எங்கள் குவார்ட்டர்ஸில் மிக்சி நின்றுபோனால்கூட அம்மா சும்மா தொடமாட்டாள். முதலில் டெஸ்டரை ஹால் பிளக்கில் செருகி எரிகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் மிக்சியில் வைப்பாள். எரியவில்லையென்றால் மறுபடியும் ஹால் பிளக்கில் செருகி, டெஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே கை வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சட்னிக்கு இத்தனை சடங்கா?

காரணம் பிளாக் முழுக்கத் தெரியும். நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா, ஒரு லீவு நாளில் காடாம்புலியூரில் பெரியப்பாவின் முந்திரித் தோப்புக்கு மோட்டார் பார்க்கப் போனார். டெஸ்டர் எரியவில்லை. கரண்ட் இல்லை என்று நம்பித் தொட்டார். டெஸ்டர்தான் கெட்டுப்போயிருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். வாரிசு வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. கூடவே, சரியாகப் பார்க்காமல் தொட்டுவிட்டுப் போனாரே என்ற கோபமும் அவளிடம் தங்கிவிட்டது.

நான் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் பிஸ்மத் செலினைடு என்ற படிகத்தோடு மல்லுக்கட்டினேன். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும் சாமான். அடுக்குகளுக்கு நடுவே செம்பு அணுக்களை நுழைத்து, மைனஸ் இருநூற்று எழுபது டிகிரிக்குப் பக்கத்தில் குளிரவைத்தால் மின்தடை அடியோடு போய்விடும். தனியாக இருக்கும்போது செம்புக்கும் அந்தக் குணம் கிடையாது, படிகத்துக்கும் கிடையாது.

ஒரு மத்தியானம், படிகத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. கரண்ட் மட்டும் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இந்தப் பூஜ்யத்தைத்தான் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. சூடாக்கினேன், மீட்டர் காட்டியது. குளிரவைத்தேன், பூஜ்யம். திரும்பச் சூடாக்கினேன், காட்டியது. பேராசிரியர் போதும் போதும் என்றார். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

லீவுக்கு வந்தபோது, கண்ணாடிக் குழாயில் அடைத்த ஒரு துண்டை அம்மாவிடம் காட்டிப் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெஸ்டரு நல்லாத்தான் இருக்கும். கரண்டும் ஓடிக்கினு இருக்கும். ஆனா காட்டாது. அப்படித்தானே?”

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

“அப்ப அன்னிக்கு உங்கப்பா சரியாத்தான் பாத்திருக்காரு.”

அது வேறு, அந்தக் குளிரில் மட்டும்தான், தோப்பு மோட்டாரில் அப்படி நடக்காது என்று பதறிப்போய் விளக்கினேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எழுந்துபோய் டெஸ்டரை எடுத்து வந்தாள். ஹால் பிளக்கில் செருகினாள், எரிந்தது. மேஜைமேல் இருந்த குழாயில் வைத்தாள், எரியவில்லை. மறுபடியும் பிளக்கில் செருகினாள். எரிந்தது.

“தொடாத,” என்றாள் மெதுவாக.

கண்ணாடியில் வைத்தால் டெஸ்டர் எரியாது, குளிரவைக்காதவரை அது வெறும் கல் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலம் வரை அந்தக் குழாயை எடுக்க எனக்குக் கை வரவில்லை.