ஹாவிஸின் ரொட்டியும் வறுத்த கோதுமையும்

எல்ம்பரியில் ரொட்டி சுட்டவர்கள் பலர் உண்டு. ஒரு துணுக்குகூட அதிகம் போகாமல் சுட்டவள் ஹாவிஸ் ஒருத்திதான். எனக்கு அவள் பெரியம்மா மகள். என் அம்மாவின் அக்காள் பெற்ற நான்கு பேரில் மூன்றாவது. மூத்தவன் கம்பளி மூட்டைகளோடு கப்பலேறிப் போய், போன இடத்திலேயே தங்கிவிட்டான். அடுத்தவள் கன்னிமாடத்தில் சேர்ந்தாள். கடைசிப் பையனை ஆறு கொண்டுபோனது. மிஞ்சியவள் ஹாவிஸ். மிஞ்சினாள் என்றால் சும்மா இல்லை, நாலு பேருக்கான குரலோடும் கையோடும் மிஞ்சினாள்.

கோதுமை விலை ஏறினால் எங்கள் ஊரில் ரொட்டியின் விலை ஏறாது. ரொட்டி இளைக்கும். கால் பென்னி ரொட்டி என்றைக்கும் கால் பென்னிதான். நல்ல விளைச்சலில் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கும், கெட்ட வருஷத்தில் குழந்தை ஒரு கையால் பிடுங்கிக்கொண்டு ஓடும். எந்த விலைக்கு எவ்வளவு கனம் என்று ராசா கட்டளை போட்டிருந்தார். அந்தக் கனத்தையும் பென்னியில்தான் சொல்வார்கள். நான் சொல்லும் அந்த வருஷம் மழையால் கோதுமை கெட்டு, கால் பென்னி ரொட்டி பன்னிரண்டு ஷில்லிங் கனம் இருந்தால் போதும் என்று ஆகியிருந்தது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ஆகவே சந்தையில் எடை பார்க்கிற மணியக்காரர் பன்னிரண்டு தரம் பன்னிரண்டு பென்னி எண்ணிப் போட்ட பையைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார், ரொட்டியை மறு தட்டில் வைப்பார். ரொட்டி மேலே போனால் சுட்ட அடுப்பின் பேரில் ஒரு கோடு விழும். மூன்றாவது கோடு விழுந்தால் ரொட்டி அடுப்பை இடித்துவிடுவார்கள். பிறகு அந்த ஆள் சாகும்வரை மாவில் கை வைக்கக் கூடாது.

ஹாவிஸ் அடுப்பின் பேரில் ஏற்கெனவே இரண்டு கோடு இருந்தது. முதல் கோடு அவளுடைய முதல் புருஷன் ஆஸ்பர்ட் குடித்துவிட்டு மாவு உருட்டிய நாளில் விழுந்தது. அவன் செத்தும் கோடு சாகவில்லை. இரண்டாவது கோடு, எலி கடித்த ரொட்டியைப் பார்க்காமல் தராசுக்குக் கொடுத்துவிட்டதால் விழுந்தது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் எலியின் வம்சத்தையே திட்டுவாள்.

வேறொருத்தியாக இருந்தால் பயந்து ஒரு கை மாவு கூடவே போட்டிருப்பாள். எதிர்ச்சாரியில் சுட்ட ஃபுல்க் அப்படித்தான் செய்தான். அவன் ஒருமுறை கனம் குறைந்ததற்காகக் கழுத்துக்கட்டையில் பூட்டப்பட்டு, சந்தை நடுவில் அழுகிய முட்டையடி வாங்கியவன். அதிலிருந்து அவன் ரொட்டி எப்போதும் புடைத்தே இருக்கும். ஹாவிஸ் அதைப் பார்த்துச் சிரிப்பாள். "அவன் ரொட்டியா சுடுறான், பயத்தச் சுடுறான்" என்பாள். அவளிடம் ஒரு தோல் பை இருந்தது. சீதனமாக என் பெரியப்பா கொடுத்த பன்னிரண்டு ஷில்லிங், அத்தனையும் பழைய பென்னி. அதைச் செலவழிக்கவே மாட்டாள். மாவை அந்தப் பையோடு நிறுத்து, அடுப்பில் எவ்வளவு வற்றும் என்று கணக்குப் பார்த்து, முள் நேராக நிற்கும்படி ரொட்டியை இறக்குவாள். நான் அவளிடம் ரொட்டி வாங்கித் தெருத்தெருவாக விற்றேன். பன்னிரண்டு எடுத்தால் பதின்மூன்றாவது எங்களுக்கு, அதுதான் எங்கள் கூலி, ஊர் வழக்கம். அந்தப் பதின்மூன்றாவதைக் கூடையில் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பல் பிடுங்கக் கொடுப்பவள்கூட அவ்வளவு வருத்தப்பட மாட்டாள்.

அந்த வருஷம்தான் ராசா புதுக் காசு அடித்தார். பழைய பென்னியெல்லாம் கைமாறிக் கைமாறித் தேய்ந்து, கள்ளர்கள் ஓரம் நறுக்கி, காய்ந்த இலை போல ஆகிவிட்டன என்று, எல்லாவற்றையும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கால் பென்னிக்காகப் பென்னியைக் கத்தரியால் நாலாக வெட்டுகிற வேலையும் போயிற்று. கால் பென்னியே வட்டமாக, குட்டியாக வந்தது. ஊரே மாற்றியது. ஹாவிஸ் மாற்றவில்லை.

அவளுடைய இரண்டாம் புருஷன் வாரின் சாதுவான மனிதன், மாவு சலிக்கிற வேலை. அவன் கெஞ்சிப் பார்த்தான்.

"ஏடி, பழச வச்சிருந்தா குத்தமாம். குடுத்துரு."

"பன்னெண்டு குடுத்தா பதினொண்ணுதான் தர்றான். நிறுத்துப் பாத்துத்தான் மாத்துறானாம். எங்கப்பன் குடுத்ததுல ஒரு ஷில்லிங்க எவனுக்கோ தூக்கிக் குடுக்கவா?"

"கனம் குறஞ்சு போச்சுல்ல, அதான்."

"எங்கப்பன் காசு குறையாது."

இவ்வளவு கூர்மையானவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. காசு இளைத்திருந்தால் அதோடு நிறுத்த ரொட்டியும் இளைத்துத்தானே இருக்கும்? மணியக்காரர் பையிலும் அதுவரை பழைய பென்னியே கிடந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓடியிருக்கிறது.

மணியக்காரர் தர்ஸ்டன் வேறு யாருமில்லை, செத்துப்போன ஆஸ்பர்ட்டின் அக்காள் மகன். வீட்டுக்கு வந்தால் அவளை அத்தை என்பான், சந்தையில் தராசு பிடித்தால் மூன்றாம் மனுஷியைப் பார்ப்பது போலப் பார்ப்பான். நல்லவன்தான். ஆனால் சட்டம் பேசுவதில் அவனுக்கு ஒரு ருசி.

ஒரு சந்தை நாள் காலை, தூறலில், அவன் புதுப் பையோடு வந்தான். பளபளவென்று புது பென்னி. முதலில் ஃபுல்க்கின் ரொட்டி. தட்டு தொப்பென்று இறங்கியது, ஃபுல்க் சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்து வாத்துக்கால் முத்திரை குத்திய ஹாவிஸ் ரொட்டி. அது இறங்கவில்லை. இறங்காதது மட்டுமல்ல, விருந்தாளி போல மேலே உட்கார்ந்துகொண்டது.

"இன்னொன்னு வையி" என்றாள் ஹாவிஸ்.

இன்னொன்றும் அப்படியே. என் கூடையிலிருந்து எடுத்த மூன்றாவதும் அப்படியே. தர்ஸ்டன் பையிலிருந்து காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஒரு ஷில்லிங் எடுத்த பிறகுதான் முள் நேராக நின்றது.

"ஒரு ஷில்லிங் கனம் கம்மி" என்றான். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "மூணாவது கோடு, அத்தை."

அத்தை என்று சொன்னதிலேயே அவனுக்கும் வருத்தம் என்று தெரிந்தது. ஆனால் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் பின்னால் நின்றார்கள்.

வாரின் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹாவிஸ் உட்காரவில்லை. அவள் பையைப் பார்த்தாள், புதுக் காசைப் பார்த்தாள். அப்பன் காசு இளைத்திருந்தது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. நான் பக்கத்தில் நின்றேன், அவள் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரொட்டி சரிதான் மருமவனே. ஒன் காசுதான் கனம்."

"ராசா காசையா சொல்றீங்க?"

"ராசாவச் சொல்லல. அடிச்சவன் கை தவறியிருக்கலாம்ல. ஒரு பென்னிக்கு எத்தன கோதும?"

இது எங்கள் ஊர் குழந்தைக்கும் தெரியும். கதிரின் நடுவில் இருந்து எடுத்த, நன்றாகக் காய்ந்த முப்பத்திரண்டு கோதுமை மணி, ஒரு பென்னி. எல்லா எடைக்கும் அதுதான் அடி வேர். எடையில் சந்தேகம் வந்தால் காசைக் கோதுமையோடு நிறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

தர்ஸ்டனுக்குச் சட்டம் பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "கேக்குறது ஒங்க உரிமை. ஆனா கோதும ஒங்க வீட்டுதா இருக்கக் கூடாது" என்றான்.

"கோயில்லருந்து எடு. நான் தொடக்கூட மாட்டேன்."

பங்குச் சாமியார் ரேனர் கோயில் களஞ்சியத்திலிருந்து ஒரு கட்டுக் கதிர் கொண்டுவந்தார். நடுவிலிருந்து மணிகளை உதிர்த்து உள்ளங்கையில் தேய்த்தார். "ஈரமால்ல இருக்கு. பல்லுல வச்சா நசுங்குது" என்றார்.

"காஞ்சதுன்னுதான் கட்டள" என்றாள் ஹாவிஸ், ரொம்பப் பவ்வியமாக.

வெயில் இல்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஃபுல்க்கும் மற்றவர்களும் ரொட்டி அடுப்பை ஏற்கெனவே அணைத்துச் சாம்பல் அள்ளியிருந்தார்கள். ஊரில் சூடாக இருந்தது ஒரே ஒரு அடுப்பு, இடிக்கப்போகிற அடுப்பு.

கூட்டம் சிரித்தது. தர்ஸ்டனுக்கும் வேறு வழி தெரியவில்லை. "என் ஆள் கூடவே நிப்பான்" என்று சொல்லி அனுப்பினான்.

காவலாளி வந்து அடுப்புக்கு முன்னால் நின்றான், முழு ஈரம், நடுக்கம். ஹாவிஸ் ஒரு மண் தட்டை நீட்டி, கோதுமையை அவனையே பரப்பி உள்ளே தள்ளச் சொன்னாள். தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே. பிறகு அவனுக்கு ஒரு சூடான ரொட்டியைப் பிட்டு, தேன் தடவிக் கொடுத்தாள். தேன். கட்டின புருஷனுக்கு அவள் தேன் தடவி நான் பார்த்ததில்லை.

"மெதுவா சாப்பிடு தம்பி. ஒங்கம்மா எந்த ஊரு?"

அவன் அம்மா ஊரைச் சொன்னான், அம்மாவின் முழங்கால் வலியைச் சொன்னான், தங்கை கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னான். கதை முடியும்போது உள்ளேயிருந்து வாசம் வந்தது. காய்ந்த கோதுமையின் வாசம் அல்ல. வறுத்த கோதுமையின் வாசம். வறுபட்ட மணிக்குக் கனம் குறைவு.

"அக்கா, கருகுது" என்றேன் காதில்.

"வாய மூடு. நீ ரொட்டி விக்கிறவ, அடுப்பு வேலை ஒனக்கென்ன தெரியும்" என்றாள், உதடு அசையாமல்.

சந்தையில் ரேனர் சாமியார் எண்ண உட்கார்ந்தார். காசு நிறுக்கும் சின்னத் தராசு. ஒரு தட்டில் ஒரு புது பென்னி. மறு தட்டில் மணி மணியாகப் போட்டார். முப்பத்திரண்டு ஆயிற்று. பென்னி அசையவில்லை. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. முப்பத்தைந்தில்தான் முள் நேராயிற்று. பென்னியை மாற்றிப் போட்டும் அதேதான்.

"பன்னெண்டுக்கு ஒண்ணு கனம் கூட" என்றார் சாமியார். சொல்லிவிட்டு இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடுக் என்று சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஹாவிஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மெல்லுவதைத் தொடர்ந்தார்.

ஃபுல்க் முன்னால் வந்தான். "சாமி, இது என்ன வாசம்? இந்தக் கோதுமய..."

"என்ன ஃபுல்க்கு?" என்றாள் ஹாவிஸ். "சொல்லு. பை பன்னெண்டா, பதினொண்ணா? பதினொண்ணுன்னா ஒனக்கும் பதினொண்ணுதான்."

ஃபுல்க்கின் வாய் திறந்தபடியே நின்றது. ரொட்டிக்கு ஒரு ஷில்லிங் கனம் மிச்சம், நாளெல்லாம், வருஷமெல்லாம். அந்த வாய் மெதுவாக மூடியது. "மழ வாசம்னு நெனக்கிறேன்" என்றான்.

தர்ஸ்டன் பாடுதான் திண்டாட்டம். ராசா முகம் பொறித்த காசு தப்பு என்று சந்தை நடுவில் அவன் சொல்ல முடியுமா? நாக்கை அறுத்துவிடுவார்கள். கடைசியில், காசு சரி, கோதுமையும் சரி, பையில்தான் எண்ணிக்கை கூடிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னான். ஒரு ஷில்லிங்கை எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டு பையை இறுக்கினான். ஹாவிஸின் ரொட்டி அதற்கு எதிரே நூல் பிடித்தது போல நின்றது. கடப்பாரைகள் வீட்டுக்குப் போயின. வாரின் எழுந்தான், அப்போதுதான் தான் குட்டையில் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஹாவிஸ் அதையே சொல்லிச் சொல்லி எங்களை ஆட்டி வைத்திருப்பாள். அன்று சாயங்காலம் இடோனியா வந்தாள். தோல் பதனிடுகிறவன் பெண்டாட்டி, ஏழு பிள்ளைக்காரி, தினம் நாலு ரொட்டி வாங்குகிறவள். வந்தவள் அடுப்பின் முன்னால் நின்று கையைத் திறந்தாள். சாமியாரின் தட்டிலிருந்து வழித்தெடுத்த கோதுமை. ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"நல்லா வறுத்திருக்க."

ஹாவிஸ் அடுப்பின் வாயைப் பலகையால் மூடினாள்.

"எம் புள்ளைங்க கால் பென்னிக்கு ஒரு ஷில்லிங் கனம் கொறச்சுத் திங்கணும். அதானே இப்போ சட்டம்?"

"இத்தன நாளும் அதத்தானடி தின்னுச்சுங்க."

"அது ஒனக்கும் தெரியாம நடந்தது. இப்போ தெரியும். நாளைக்கு இந்தக் கோதுமயக் கொண்டுபோயி மணியக்காரர் பல்லுல வைக்கட்டா?"

ஹாவிஸ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, ஒனக்கு மட்டும் ஒரு ஷில்லிங் கனம் சேத்துச் சுட்டுத் தர்றேன்."

"எனக்கு மட்டுமா? நான் என்ன பிச்ச கேட்டா வந்தேன்? தெருவுக்கே சுடு. இல்லாட்டி யாருக்கும் வேணாம், அடுப்பும் வேணாம்."

ஹாவிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏழு பெத்தும் ஒனக்குக் கொழுப்புக் கொறயல" என்றாள். அதுதான் சம்மதம்.

மறுநாளிலிருந்து நிறுத்து வைத்த ஒவ்வொரு மாவின் தலையிலும் அவள் ஒரு ஷில்லிங் கனத்துக்கு ஒரு கிள்ளு மாவை ஒட்டினாள். ஒட்டும்போதெல்லாம், "இந்தா, தின்னு, இடோனியா" என்று வைவாள். நாளுக்கு எத்தனை ரொட்டியோ அத்தனை வசை. அந்தக் கிள்ளு அடுப்பில் சின்னக் கொண்டை போலச் சிவந்து வரும். ஃபுல்க் தன் ரொட்டியைப் பதினொன்றுக்கு இளைக்க வைத்தான். மாதம் முடியுமுன் அவன் வாடிக்கை பாதி கொண்டை ரொட்டிக்கு வந்துவிட்டது. என் கூடை காலையிலேயே காலியாகும். வாரின் இரண்டாவது சல்லடை வாங்கினான். தோல் பையும் அந்தக் குளிர்காலத்தில் மாற்றப்போயிற்று. பன்னிரண்டுக்குப் பதினொன்று திரும்பியது, அதற்கு ஒரு வாரம் ஹாவிஸ் காசு மாற்றினவனை வைதாள். மணியக்காரருடைய பை ரொம்ப நாள் பதினொரு ஷில்லிங்கோடே இருந்தது. பிறகு வந்த மணியக்காரர் சரியாக எண்ணிப் போட்டபோது, ஹாவிஸ் ரொட்டி தட்டில் ஏறி நேராக நின்றது. மூன்றாவது கோடு விழுமோ என்ற கவலை அவளுக்கு இல்லை.

இடோனியா ஒரு தவக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்தாள். அடக்கம் முடிந்து மறுநாள் காலை நான் கூடையோடு போனபோது ஹாவிஸ் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வசை இல்லை. நிறுத்தாள், உருட்டினாள், கிள்ளி ஒட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

"அக்கா, இனிமே கேக்க யாரு இருக்கா?" என்றேன், சும்மா வாய்க்கு வந்ததை.

"கூடயக் கீழ வையி" என்றாள். "ரொட்டி ஆறிப்போவுது."