சாவுக் காட்சியில் வெள்ளைத் துணி

படம் ஓடும்போது பெப்ரா திரையைப் பார்ப்பதில்லை. சோற்றுக்கடை டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஃபூஃபூ களியுருண்டையைக் கிள்ளி விழுங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவார்.

“டைரக்டரே, பேங்க் மேனேஜர் பங்களாவுல ஆடு எதுக்குய்யா கத்துது?” என்பான் ஒரு மெக்கானிக்.

“அதுவும் லோனுக்கு வந்திருக்குப்பா. பேசாம பாரு.”

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் சின்னக் காசில் குடும்பப் படம் எடுப்பவர் அவர். சொந்தமாக ஒரு கேமரா உண்டு. கார் இரவல். வாடகைக்கு எடுத்த ஒரே கூடம், திரைச்சீலையை மாற்றினால் ஏழை வீடு, மறுபடி மாற்றினால் பங்களா. ஜெனரேட்டர் உறுமாத காட்சியே கிடையாது. ஆனால் வசனம் எழுதிக் கொடுத்து யாரையும் வதைக்கமாட்டார். “உனக்கு என்ன வாயில வருதோ அதச் சொல்லும்மா” என்று விட்டுவிடுவார். கடைசிப் படத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகக் கருவாட்டுக்காரி அஜ்வா நடித்தாள். மூக்கைக்கூடத் துடைக்காமல், “எந்திரிடா, சோறு ஆறுது” என்று அவளாகவே சொல்லி அழுதாள். கேமரா பிடித்தவனின் கை நடுங்கியது படத்திலேயே தெரியும்.

அது பெப்ராவின் அக்கா சேவாவின் கதை. அவள் மகன் குவாக்கு லாரியில் அடிபட்டுச் செத்தபோது, தாய்மாமன் பெப்ரா வெளியூரில் படப்பிடிப்பில் இருந்தார். அடக்கத்துக்கு வரவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராமல்தான் இந்தப் படத்தை எடுத்தார்.

சாவுக் காட்சி ஒரு சனிக்கிழமை அமைந்தது. ஊரில் சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான். வாடகைக்கடையில் துக்கத்துக்குக் கட்டும் சிவப்போ கறுப்போ ஒரு துணி மிச்சமில்லை, வெள்ளைதான் இருந்தது. பேரன் பேத்தி எடுத்து நிறைவாகப் போன கிழங்களுக்கு மட்டுமே இங்கே வெள்ளை கட்டுவார்கள்.

“வேணாம்யா, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்” என்றாள் அஜ்வா.

கூடத்தை அன்று மாலையே காலி செய்தாக வேண்டும். “அழுகையப் பாப்பாங்களா, துணியப் பாப்பாங்களா? கட்டும்மா” என்றார் பெப்ரா.

முதல்முறை போட்டுக் காட்டியபோது கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்த சேவா, அந்த வெள்ளையைக் கண்டதும் எழுந்துவிட்டாள். “என் புள்ள செத்தது உனக்குக் கல்யாணச் சாவாடா?”

அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே என்று நினைக்காமல் பெப்ரா ஒருநாளும் படுத்ததில்லை. இரண்டாவது தடவையும் குவாக்குவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்பதுதான் அவரை அரித்தது.

போன ஞாயிறு மதியம் சேவா சோற்றுக்கடைக்கு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்தக் கருவாட்டுக்காரி அழுவாளே, அத மட்டும் போடு.”

“அக்கா… துணி அப்படியேதான் இருக்கு.”

“தெரியும். போடுடா.”

அஜ்வா திரையில் வந்தாள். பெப்ரா டி.வி.க்கு ஓரமாக மண்டியிட்டு, அவள் கழுத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வெள்ளையை மறைத்தார். கேமரா நடுங்கி அவள் முகம் நகர்ந்தபோதெல்லாம், அவர் கைகளும் கூடவே நகர்ந்தன.