சைக்கிள் படம் போட்ட அட்டை

வாழ்த்து அட்டை செய்து விற்கிறவள் என்பதால் தெருவில் அவளை எல்லாரும் அட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்தாளானால் அதுவே பட்டறை. கையால் செய்த முரட்டுக் காகிதத்தில் அவள் கத்தரி வைக்க மாட்டாள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அது ஊறியதும் ஸ்கேலை அழுத்திக் கிழிப்பாள். ஓரம் பஞ்சு பிரிந்தாற்போல நிற்கும். மடிப்பைத் தேய்க்க ஒரு பழைய கரண்டியின் முதுகு. ஒட்டிய அட்டைகள் கோணாமல் காய்வதற்கு மேலே ஒரு பலகை, பலகைக்கு மேலே அப்பாவின் லாரி ஜாக்கி. ஆயுசு முழுக்க லாரி ஓட்டிவிட்டு மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து அந்த ஜாக்கிதான் என்று அம்மா சொல்வாள்.

பிறந்தநாள், கல்யாணம், புது வீடு என்று எதற்குக் கேட்டாலும் அட்டையக்காவுக்குக் கை தானாக ஓடும். தந்தையர் தினம் வந்தால்தான் மக்கர் பண்ணும். இந்த வருடம் சட்டைக் காலரும் டையுமாக ஒரு அட்டையை மடித்து எடுத்துப் போனாள். அவள் அட்டைகளை விற்றுத் தரும் ஸ்டேஷனரி கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டை கட்டுன அப்பா நம்ம தெருவுல யாருக்குக்கா இருக்காங்க? உள்ளயும் வெறுமனே கெடக்கு. படிச்சதும் மூக்கை உறிஞ்சணும். அப்படி ஒரு வரி போட்டுக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொந்த அப்பாவைப் பற்றி எழுதலாம் என்றால், சின்ன வயதிலிருந்து அவரைப் பற்றி அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். லாரி முனை திரும்புகிறது. பின்னால் சிவப்பு விளக்கு. அவள் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறாள். அப்பா என்றால் போய்க்கொண்டே இருப்பவர். இதை எழுதினால் எந்தப் பிள்ளை வாங்கும்?

அதனால் இல்லாத அப்பா ஒருவரை உண்டாக்கினாள். கறுப்புத் தாளில் சின்ன சைக்கிள் வெட்டி, சக்கரக் கம்பிக்கு வெள்ளை நூல் கோத்து முகப்பில் ஒட்டினாள். உள்ளே இப்படி எழுதினாள்: 'சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தீர்கள், அப்பா. எப்போது கையை விட்டீர்கள் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.'

இத்தனைக்கும் அட்டையக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கடைக்காரர் படித்தார். மூக்கை உறிஞ்சினார். அட்டை பிய்த்துக்கொண்டு போயிற்று.

வினை வந்தது அதற்குப் பிறகு. அவள் அப்பாவுக்குத் தினமும் அந்தக் கடையில் ஓசிப் பேப்பர் படிக்கிற வழக்கம். அன்றைக்குப் பேப்பரைப் பாதியில் போட்டுவிட்டு, ஒரு சைக்கிள் அட்டையோடு வீட்டுக்குள் வந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அட்டையை விரித்து வைத்தார்.

"என்னப்பா?"

"நீ இதெல்லாம் மறந்திருப்பேன்னு நெனச்சேம்மா."

"எதெல்லாம்?"

"நான் உனக்கு சைக்கிள் பழக்குனதை."

விளையாடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. இந்த மனிதர் விளையாடிப் பழக்கப்பட்டவரும் அல்ல.

"மில்லு சுவர் ஓரமா நீளமா ஒரு ரோடு இருந்துச்சே, அங்கதான். சிவப்பு சைக்கிளு. செங்கல் குவியல்ல போய் விழுந்தே. இடது முட்டியில இன்னும் தழும்பு இருக்கும் பாரு."

இருந்தது. ஆனால் அது குழாயடியில் வழுக்கி விழுந்த தழும்பு என்றுதான் அவளுக்கு இதுநாள்வரை தெரியும். கையிலிருந்த பசைத் தூரிகையை மேசை மேலேயே போட்டாள்.

அம்மாவிடம் ஓடினாள். அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தத் தழும்பு குழாயடியில விழுந்ததுதானே?"

"நானா சொன்னேன்?"

"நீதான் சொன்னே!"

"உன் தம்பி விழுந்ததைச் சொல்லியிருப்பேன். ஒண்ணா ரெண்டா? ரெண்டு பேரும் விழுந்துக்கிட்டேதான் இருந்தீங்க."

தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பாவா? சைக்கிளா? நல்லா இருக்கியா நீ? அவர் வீட்டுல தங்கினாத்தானே பழக்கறதுக்கு" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா சிவப்பா ஒரு சைக்கிள் நின்னுச்சுக்கா. மாடிப்படிக்குக் கீழே" என்றான்.

"யாரோடது?"

"யாருக்குத் தெரியும்? நான் பெல்லை மட்டும் கழட்டி வித்துட்டேன்."

ஒருவேளை அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ? அந்தப் பயம் வந்துவிட்டது. சாப்பிடும்போது மெல்லப் போட்டுப் பார்த்தாள்.

"ஏன்ப்பா, உங்க முதல் லாரி நம்பர் என்ன?"

கேட்டதுதான் தாமதம், வண்டி நம்பரோடு எஞ்சின் நம்பரையும் சேர்த்து ஒப்பித்தார். எந்த டயர் எந்த ஊர் மேட்டில் வெடித்தது என்பது வரைக்கும் வந்துவிட்டார். புத்திக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்புறம் ஏன்ப்பா எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியல?"

"விழுந்ததும் இனிமே தொடவே மாட்டேன்னு அழுதே. மறுநாள் காலையில எனக்கு லோடு. நான் கிளம்பும்போது வாசல்ல நின்னு அப்படி ஒரு அழுகை. முட்டி வலி போலன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

அட்டையக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த அழுகை அவளுடையது. அவரைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் அதைத்தான் மனதுக்குள் எடுத்து வைத்துக்கொள்வாள். அவர் சொல்வது நிஜமானால், இத்தனை வருடமாக உள்ளுக்குள் அவரோடு போட்ட சண்டைக்கெல்லாம் என்ன அர்த்தம்? முட்டி வலிக்கு அழுததையா அப்பா போகிறாரே என்று அழுததாக நினைத்துக்கொண்டிருந்தாள்? பொய்யானால், அவள் கைப்பட எழுதிய கற்பனையைத் திருடி அவளிடமே சத்தியம் பண்ணுகிறார். எதை நம்புவது? இரவெல்லாம் புரண்டதில் பக்கத்தில் படுத்திருந்த கணவர்தான் தலையணையோடு கூடத்துக்குப் போனார்.

மறுநாள் கடைக்குப் போனால், கதை அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, செங்கல் குவியல்ல விழுந்தீங்களாமே!" என்றார் கடைக்காரர். "உங்க அப்பா சொல்லிச் சொல்லியே பத்து அட்டை வித்துக் குடுத்துட்டாரு."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. சுவரில் சாய்ந்திருந்த கடைக்காரரின் சைக்கிளைப் பார்த்தாள்.

"தம்பி, சாவியைக் குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"எதுக்குக்கா?"

"ஒருதடவை பழகுனா உடம்பு மறக்காதுன்னு சொல்றாங்கல்ல. ஓட்டிப் பாத்தா யார் சொல்றது நிஜம்னு தெரிஞ்சிடும்."

பேப்பர் இறங்கியது. "வேணாம்மா, இந்த வயசுல" என்றார் அப்பா. "விழுந்து வெச்சீன்னா யாரு அட்டை ஒட்டுறது?"

"பழக்குனீங்கதானே? அப்புறம் என்ன பயம்?"

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, சீட்டுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டார். பிடியில் ஒரு தயக்கமும் இல்லை. பழகின பிடியா, இல்லை லாரி ஓட்டினவர் எதைப் பிடித்தாலும் அப்படித்தான் பிடிப்பாரா? அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஏறினாள். மிதித்தாள். சைக்கிள் குடித்தவனைப் போலத் தள்ளாடி இடதுபக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான் என்று கண்ணை மூடப் போன நேரத்தில் ஹேண்டில் இடதுபக்கமே திரும்பி, வண்டி நிமிர்ந்தது. திருப்பியது யார்? அவளா? அந்தத் தழும்பு முட்டியா? பின்னால் இருக்கிற கையா? சரக் சரக்கென்று செருப்புச் சத்தம் கூடவே வந்தது. பிறகு வந்ததா, நின்றதா என்று சொல்ல முடியவில்லை. காற்று காதை அடைத்தது. திரும்பிப் பார்த்தால் விழுவோம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பது தெரியவில்லை.

"அப்பா, விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா! பிடிச்சிருக்கேன், நீ ஓட்டு!"

குரல் எங்கோ தொலைவில், கடை வாசலிலிருந்து வந்தது.

அப்பட்டமான பொய். இதைக் கூசாமல் சொல்கிறவர் அதையும் சொல்லியிருப்பார். இல்லை, இதே பொய்யை இதே குரலில் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாளோ? அட்டையில் அந்த வரி வேறு எங்கிருந்து வந்து விழுந்தது? அவளுக்குச் சிரிப்பு முட்டியது; கண்ணும் மறைத்தது. தெருமுனை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"பிரேக்கு எதுப்பா?" என்று கத்தினாள்.

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. சரக் சரக்கென்று செருப்புச் சத்தம்தான், முன்னைவிட வேகமாக, பின்னால் ஓடி வந்தது.