பால் கொடுக்காத ஒன்பது நாட்கள்

அம்மாவுக்கு அரியவகை இரத்தப் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்னார்கள். ஊர் என்ன கதைக்குமோ என்ற பயத்தில் நான் மறைத்தேன். உப்புக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த குடும்பநலத் தாதி, "குடும்பத்தில ஆருக்கும் பெரிய வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார். "இல்லை மிஸ்" என்றேன். மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

பிறகு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது, அவரைப் பார்க்கும் டொக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"இந்த நோய்க்கு ஒரு வைரஸ் காரணமா இருக்கலாம். அது தாய்ப்பாலாலயும் பரவும். நீங்கள் அம்மான்ர பால் குடிச்சனீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"அப்ப உங்கட இரத்தத்தைச் சோதிக்கும்வரை பிள்ளைக்குப் பால் குடுக்காதேங்கோ."

முடிவு வர ஒன்பது நாட்கள் ஆயின. மகள் பால்மாப் போத்திலைத் தட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து அழுதாள். "ஒண்டும் இருக்காது, பயப்பிடாத" என்று கணவர் அவளை வாங்கிக்கொண்டார். தாதியிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால் அப்போதே சோதித்திருக்கலாமே என்று, ஏற்கெனவே கொடுத்துவிட்ட பாலை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அந்த வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அன்றே மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். அம்மா சில மாதங்களில் காலமானார்.

இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும், அவர் கேட்பதற்கு முன்பே அம்மாவின் நோயைப் பெயரோடு சொல்லிவிடுகிறேன்.