குடை தொங்கினால் ஆள் உண்டு

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் புளியோதரை கிளறும் கணபதிசுப்பிரமணியனுக்கு உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் முருகன், இன்னொருவர் மனைவி காமு. முருகனைத் தினமும் பார்ப்பதால் அவ்வப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். காமுவிடம் அந்த வசதி கிடையாது. அதனால்தான் மனிதர் சீட்டு மெஷின் ஆடுவதற்கு மாநில எல்லையையே தாண்டிப் போனார்.

எல்லை தாண்டுவது என்றால் பெரிய பிரயாணம் ஒன்றும் இல்லை. பஸ் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் ஆந்திராவில் நகரி. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ரஞ்சிதம் என்ற அம்மாள் கூல் டிரிங்ஸ் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் ஒரு துணித்திரை, திரைக்குப் பின்னால் நான்கு மெஷின்கள். டி.வி. பெட்டியை மேஜையோடு சேர்த்து ஒட்டியதுபோல் இருக்கும். காசைப் போட்டால் கண்ணாடியில் ஐந்து சீட்டு வரும். பிடித்த சீட்டை ‘ஹோல்டு’ பொத்தானை அமுக்கி நிறுத்திக்கொண்டு, பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். நல்ல இனம் சேர்ந்தால் அடியில் இருக்கும் தட்டில் காசு கலகலவென்று கொட்டும். பெரும்பாலும் கொட்டாது.

ஊருக்கெல்லாம் சோறாக்கும் ஒரு பக்திமான் இதில் எப்படி விழுந்தார் என்று கேட்காதீர்கள். எப்போதோ ஒருநாள் நகரிக்குப் புளி வாங்கப் போனார், சோடா குடிக்க ஒதுங்கினார், திரை காற்றில் ஆடியது, உள்ளே காசு கொட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து மடப்பள்ளியில் முறை இல்லாத நாளெல்லாம் “நகரியில புளி மலிவு காமு” என்று கிளம்பிவிடுவார். சொன்னதற்காகத் திரும்பும்போது புளி வாங்கியாக வேண்டுமே! பரணில் புளி, பத்தாயத்தில் புளி, மகள் சுப்ரஜாவின் பழைய ஸ்கூல் பெட்டிக்குள்ளும் புளி.

“ஏன்னா, இத்தனை புளியை வெச்சுண்டு நாம என்ன கடையா போடப் போறோம்?” என்பாள் காமு.

“பழைய புளிதான் புளியோதரைக்கு விசேஷம்” என்று இவர் மேலே பார்த்துக்கொண்டு சொல்வார்.

ரஞ்சிதத்தின் திரைக்குப் பின்னால் இருந்த ஆசாரம் மடப்பள்ளியில்கூடக் கிடையாது. அங்கே ஒருவர் பெயரை ஒருவர் கேட்கக் கூடாது, ஊரைக் கேட்கவே கூடாது. வெளியே எங்கேயாவது எதிர்ப்பட்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் போச்சு, ரஞ்சிதம் முன்னாலிருந்தே குரல் கொடுப்பாள்.

“நைனா, பின்னால நின்னுகினு மூச்சு வுடாதே! அவரு சீட்டு கெட்டுப்பூடும்!”

‘இதுதான் கடைசி ஆட்டம்’ என்று வாய்விட்டுச் சொன்னால் மெஷின் கோபித்துக்கொள்ளும் என்பது எல்லோரும் அறிந்த உண்மை. ஜெயித்தவன் மற்ற எல்லோருக்கும் கோலி சோடா வாங்கித் தர வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. மெஷினை விட்டு எழுந்து போகிறவன் தன் பொருள் எதையாவது அதன்மேல் மாட்டிவிட்டுப் போனால், அவன் வரும்வரை அது அவனுடைய மெஷின். கொலை செய்தவனைக்கூட மன்னிப்பார்கள், அதில் போய் உட்கார்ந்தவனை மன்னிக்க மாட்டார்கள்.

கணபதிசுப்பிரமணியன் தன் பங்குக்கு ஒரு சாங்கியம் வைத்திருந்தார். சீட்டு மாறும்போது தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியை மூடிவிடுவார். நைவேத்தியம் ஆகும்வரை பிரசாதத்தை மோந்துகூடப் பார்க்காத வம்சம். சாதம் இறக்கி மூடியைத் திறப்பதுபோல் துண்டின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்ப்பார். அங்கே அவருக்குப் பெயர் ‘பெருங்காயம்’. கையிலிருந்து எப்போதும் அந்த வாசனை வரும்.

இரண்டாம் நம்பர் மெஷின்காரருக்குப் பெயர் ‘குடை’. வெயிலோ மழையோ, மரப்பிடி போட்ட கறுப்புக் குடை இல்லாமல் வரமாட்டார். பொத்தானை அமுக்குமுன் அந்தப் பிடியால் மெஷினை இரண்டு தட்டுத் தட்டுவார். எழுந்து போனால் குடையைத்தான் மாட்டிவிட்டுப் போவார். எந்த ஊர், என்ன உத்தியோகம், யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை குடைக்காரர் காலையிலிருந்து இரண்டாம் நம்பருக்குக் காசை ஊட்டிக்கொண்டே இருந்தார். அது தின்றுகொண்டே இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குடையை மாட்டிவிட்டு வெளியே போனார். போனவர் போனவர்தான். இந்த நேரம் பார்த்து நம்மவர் மெஷின் கண்ணாடியில் கோடு கோடாக ஓடி, உஸ்ஸென்று அணைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது. கையில் காசு அரிக்கிறது. வெளியே சுள்ளென்று வெயில். வெயிலில் குடையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இல்லையா என்ன? ஊருக்கே கிளம்பியிருப்பார் மனிதர் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, குடையை எடுத்து மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

முதல் ஆட்டம். துண்டைப் போட்டு மூடினார், ஓரத்தைத் தூக்கினார். நாலு ஏஸ்!

காசு கொட்டிய சத்தத்தில் ரஞ்சிதமே திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே குடைக்காரரும் வந்து நின்றார். மூலையில் சாத்தியிருந்த குடையையும் தட்டில் கிடந்த காசையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காலம்பரேர்ந்து அடுப்பு மூட்டி, உலை வெச்சு, வடிச்சு இறக்கினது நான். நீர் பாட்டுக்கு இலையைப் போட்டுண்டு உட்கார்ந்துட்டீரே ஓய்!”

வேறு எந்த வார்த்தையும் கணபதிசுப்பிரமணியனை அப்படிக் குத்தியிருக்காது.

“குடை தொங்கினா ஆளு உண்டுன்னு உனக்குத் தெரியாதா நைனா?” என்றாள் ரஞ்சிதம். நம்மவர் வாங்கிக் கொடுத்த கோலி சோடாவைக் குடைக்காரர் தொடவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சாயந்திரம் புளி மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது காமு குதித்துக்கொண்டிருந்தாள். அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்திருந்தார்களாம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். இதுவரை எத்தனையோ பேர் வந்து சொஜ்ஜியைத் தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று போனவர்கள்தான், ஒரு லெட்டரும் வந்தபாடில்லை. இந்தத் தடவை விஷயம் வேறு. பையன் கணேஷ்ராமின் போட்டோவைப் பார்த்த சுப்ரஜா, “இன்னொரு தடவை காட்டும்மா” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை. இது மட்டும் கூடிவந்துவிட்டால் போதும் என்று கணபதிசுப்பிரமணியன் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளைப் பையன் இறங்கினான், அவன் அம்மா இறங்கினாள். அப்புறம் ஒரு கறுப்புக் குடை இறங்கியது. குடைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், சந்திரமௌலி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணபதிசுப்பிரமணியனுக்கு வயிற்றுக்குள் புளி மொத்தமும் கரைந்தது. ஆனாலும் ஆசாரம் ஆசாரம்தானே? இருவரும் முன்பின் தெரியாதவர்கள்போல் கைகூப்பினார்கள்.

கூடத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிரம்பு நாற்காலி. அதில் சந்திரமௌலி உட்கார்ந்தார்.

“உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே” என்றார்.

“கோயில்ல பார்த்திருப்பேள்.”

“கோயில்னா நின்னுண்டிருந்திருப்பேள். நான் பார்த்தப்போ நீங்க உட்கார்ந்துண்டிருந்தேள்.”

காமு பஜ்ஜியும் புளிச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். சந்திரமௌலி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“புளி பிரமாதம். எங்கே வாங்கறது?”

“நகரியிலேர்ந்து!” என்றாள் காமு பெருமையோடு. “இவரே போய் உட்கார்ந்து பொறுக்கி எடுத்துண்டு வருவார்.”

“உட்கார்றதுல கெட்டிக்காரர்தான்” என்றார் சந்திரமௌலி. “வெள்ளிக்கிழமை நான் உங்களுக்குப் போன் பண்றதுக்காகத்தான் ஒரு இடத்துலேர்ந்து எழுந்து போனேன். லைன் கிடைக்க நாழியாயிடுத்து. திரும்பி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

கணபதிசுப்பிரமணியன் பஜ்ஜியை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார். தன் பெண்ணுக்காக எழுந்து போன மனிதனின் இடத்திலா தான் போய் உட்கார்ந்தது! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது, பத்துப் பேர் நடுவில் அதற்கும் வழியில்லை.

சுப்ரஜா வந்து நமஸ்காரம் செய்தாள். கணேஷ்ராம் சிரித்தான், அவளும் சிரித்துவிட்டாள், காது இரண்டும் சிவந்துவிட்டது. பையனின் அம்மாவுக்கும் முகமெல்லாம் பல். இனி எல்லாம் அந்தப் பிரம்பு நாற்காலியின் கையில்தான் இருந்தது. அங்கே மட்டும் சிரிப்பு இல்லை.

சந்திரமௌலி எழுந்தார். “கை அலம்பணும்” என்று குடையை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அந்தச் சமயம் பார்த்துக் காமுவின் அண்ணா உள்ளே வந்தார். அவருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. நேரே நாற்காலிக்குப் போய்க் குடையின்மேல் கையை வைத்தார்.

“தொடாதேங்கோ!”

கணபதிசுப்பிரமணியன் போட்ட சத்தத்தில் டபரா ஒன்று உருண்டது. ஒரே தாவலில் போய் நாற்காலிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“மூட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கறதுய்யா. நாற்காலி காலியாத்தானே இருக்கு?”

“காலி இல்லை. குடை இருக்கு.”

“குடையா உட்காரப் போறது?”

“குடை தொங்கினா ஆள் உண்டு! அவர் எத்தனை நாழி கழிச்சு வந்தாலும் இது அவர் இடம். இன்னொருத்தன் உட்கார்ந்தா அவன் மனுஷனே இல்லை!” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.

“ஏன்னா, பித்துப் பிடிச்சுடுத்தா உங்களுக்கு?” என்று காமு தலையில் கையை வைத்தாள். பையனின் அம்மா வாயைப் பிளந்தபடி பார்த்தாள். கொல்லைக் கதவருகே கையைத் துடைத்துக்கொண்டு சந்திரமௌலி நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது. மெல்ல நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குடைப்பிடியால் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அதற்குள் மலைமேல் இருட்டிக்கொண்டு வந்து, ஓட்டின்மேல் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ரயிலுக்கு நேரம் ஆயிற்று என்று எழுந்தார்கள். பையனின் அம்மா எல்லோரும் சொல்வதையே சொன்னாள். “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்.” காமுவின் முகம் விழுந்துவிட்டது. சுப்ரஜா உள்ளே போய்விட்டாள்.

சந்திரமௌலி தெருவில் இறங்கி, கொட்டுகிற மழையில், ஆட்டோவை நோக்கி நிதானமாக நடந்தார். வழுக்கைத் தலையில் தண்ணீர் ஓடியது.

“ஏன்னா, குடை எங்கே?” என்று அவர் மனைவி கத்துவது கேட்டது.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றபடி அவர் ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டார்.

காமுவின் அண்ணா திரும்பிப் பார்த்தார். பிரம்பு நாற்காலிக் கையில் கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. “அடடா, மறந்துட்டார் மனுஷன்!” என்று பாய்ந்தவரைக் கணபதிசுப்பிரமணியன் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார்.

“யாரும் தொடப்படாது!”

“பாவம், தொப்பலா நனையறார்னா! ஓடிப்போய்க் கொடுங்கோ!”

“நனையட்டும் காமு! நன்னா நனையட்டும்!” அவர் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். “சுப்ரஜா, வாடி வெளியில! கூறைப்புடவை என்ன கலர்ல வேணும்னு யோசிச்சு வை!”

“லெட்டர் போடறோம்னுதானே சொல்லிட்டுப் போயிருக்கா?” என்றாள் காமு அழமாட்டாத குறையாக.

“லெட்டர் எதுக்குடீ? வருவா. குடை தொங்கறது பார்!”

நிச்சயதார்த்தத்தன்று சந்திரமௌலி வந்து தன் கையால் குடையை எடுக்கும்வரை அந்த நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் ஒருநாள் வந்து நாற்காலியைக் கேட்டார். “ஆள் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார் கணபதிசுப்பிரமணியன்.