மருந்தடித்த பெட்டி

பொழுது விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் ஓரத்துக் கன்டெய்னர் யார்டில் சரக்கு இறக்கிப் பிழைப்பவர் ஏசுபாதம். அவரை நம்பி ராபர்ட்சன்பேட்டைப் பையன்கள் ஆறேழு பேர் கூட வருவார்கள். மனைவி லூயிசாவின் ஒரே தம்பி பாபுவும் அவர்களில் ஒருவன்.

வெளிநாட்டு மரம் வரும் கன்டெய்னர் பெட்டிகளுக்குப் பூச்சி சாக விஷவாயு அடிப்பார்கள். அரசாங்க லைசென்ஸ் உள்ளவர்தான் அடிக்க வேண்டும். வாயு வெளியேறியதா என்று அவரே மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். விதி அப்படி. இந்த யார்டில் லைசென்ஸ் மட்டும் கண்ணாடி போட்டு ஜம்மென்று சுவரில் தொங்கும். லைசென்ஸ்காரர் கண்ணில் படமாட்டார்.

அன்றும் வரவில்லை. சூப்பர்வைசர் போனில் கத்தினார். "லாரி நிக்குது. அவர் நாளைக்கு வந்து சைன் போடுவாரு. நீங்க தொறங்க!"

ஏசுபாதம் கதவைத் திறந்து, தலையை நீட்டி, மூச்சை இழுத்துப் பார்த்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவிடம் கற்ற பழக்கம். சுரங்கத்தில் வெடி வைத்தபின், புகை நாற்றம் போனால்தான் அடுத்த ஷிப்ட் உள்ளே கால் வைக்கும் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். சுரங்கத்தில் ஒருநாளும் இறங்காத மகன் அதைக் கன்டெய்னர் வாசலில் செய்தார். பையன்களும் அவர் மூக்கை அப்படி நம்பினார்கள்.

"இன்னா மாமா, போலாமா?" என்றான் பாபு.

"நாத்தம் ஒண்ணும் இல்ல. போடா."

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று வந்தான் பாபு. வெயில் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பினார்கள். அடுத்த முறை அவனைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

அது வாசனையே இல்லாத விஷம் என்று டாக்டர் சொல்லித்தான் ஏசுபாதத்துக்குத் தெரிந்தது. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய லைசென்ஸ்காரப் பாவி சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

அடக்கம் முடிந்து வந்தவர்களில் ஒருவர், கன்டெய்னரைத் திறந்தது ஏசுபாதம்தான் என்று யார்டில் கைகாட்டுவதாக மெல்லச் சொன்னார். அழுதுகொண்டிருந்த லூயிசா சீறி எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மோந்து பாக்காம எவனையும் உள்ள அனுப்பமாட்டாரு! கேட்டுப் பாருங்க!" அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. பாத்துட்டுதானே எந்தம்பிய அனுப்புனீங்க?"

"ஆமா" என்றார் ஏசுபாதம்.