முதலில் தையல், பிறகு கத்தரி

பாலக்கரை வீட்டில் எல்லோருக்கும் பெரிய குரல். என் குரல் மட்டும் தையல் மெஷின் சத்தத்தைத் தாண்டி வந்ததில்லை. யாராவது ஏதாவது கேட்டால் தலையசைப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். தலைச்சன் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியைக் குடைந்து, மெல்லிய வாயில் துணியில் ஒரு நீலத் தாவணியை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பெரியண்ணி, ஸ்கூலுக்குக் கட்டிட்டுப் போன தாவணி. பொறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுன்னுதானே சொல்றீங்க? இதுல ஒரு போர்வை தைச்சு வைங்க. மாதா கோயில் விற்பனையில பார்த்தோமே, காற்றாடி காற்றாடியா, அது மாதிரி. இது ஒண்ணுதான் இருக்கு, வீணாக்கிடாதீங்க!"

அந்த வீட்டில் என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் காரியம் அது. அவள் புதுக்கோட்டைக்குத் திரும்பிப் போய், அங்கே வளைகாப்பு முடிந்து மறுபடி அழைத்து வருவதற்குள் முடிக்க வேண்டும். வெள்ளைக்கு மாமனாரின் பழைய வேட்டி இருந்தது.

அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரு நீல முக்கோணமும் ஒரு வெள்ளை முக்கோணமும் சாய்ந்த பக்கத்தில் சேர்ந்தால் ஒரு சதுரம். அப்படி நாலு சதுரம் சேர்ந்தால் பனை ஓலைக் காற்றாடி மாதிரி ஒரு கட்டம். சொல்வதற்குச் சுலபம். மெஷினில் கொடுத்ததும் சாய்ந்த விளிம்பு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் சந்திக்க வேண்டிய நாலு முனைகளும் சண்டைக்காரர்கள் மாதிரி விலகி நின்றன. ஓரமெல்லாம் அப்பளம் போல நெளிந்தது. அடுத்தது அதைவிட மோசம். அதைப் பிரித்தபோது துணி நார் நாராக வந்துவிட்டது. தாவணி குறைந்துகொண்டே வந்தது. யாரிடம் சொல்வது?

என் ஓரகத்தி ஸ்ரீரங்கத்துப் பெண். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வேலையைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள். ஒரே நாளில் புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிட்டு வாரமெல்லாம் சமாளிப்பாள். வீட்டில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். அன்று என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னக்கா இது, புயல்ல மாட்டின காற்றாடியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவள் கேலியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரவிக்கைக்கு ஏன்க்கா கிராஸ் கட்டிங் வெட்டறீங்க?"

"இழுத்துக் கொடுக்கும்னுதான்."

"இதுவும் கிராஸ்தானே? இது மட்டும் இழுக்காம இருக்குமா?"

எத்தனையோ ரவிக்கை தைத்தவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

"முக்கோணமா வெட்டாதீங்க. சதுரமாவே இருக்கட்டும். முதல்ல தைச்சிட்டு அப்புறம் வெட்டுவோம்."

கொடியில் கிடந்த தன் கணவனின் பழைய லுங்கியை உருவி வந்தாள். லுங்கித் துண்டு ஒன்றும் வேட்டித் துண்டு ஒன்றும், ஒரே அளவில் இரண்டு சதுரம். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் மேல் தைக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். பிறகு கோட்டின் மேல் கத்தரியை வைத்தாள். தைத்த துணியில் கத்தரி வைத்தால் ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் தையல்காரிக்கு அர்த்தம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாருங்கக்கா."

விரித்தால், இரண்டு சதுரம். ஒவ்வொன்றும் பாதி வெள்ளை, பாதி லுங்கி. ஓரங்கள் நெளியாமல் நேராக நின்றன.

மறுநாள் நீலத் துணியில் ஆரம்பித்தோம். சதுரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, தைத்து விரித்தபின் அளவுக்கு நறுக்கினோம். ஒரு துண்டு முடிந்ததும் நூலை அறுக்கவும் அவள் விடவில்லை. அடுத்ததை அப்படியே பின்னால் கொடுக்கச் சொன்னாள். மெஷினுக்குப் பின்னால் சதுரங்கள் மாவிலைத் தோரணம் மாதிரி தொங்கின. வேலை செய்ய அலுத்துக்கொள்கிறவளுக்குத்தான் வீண் வேலை எது என்று தெரியும்போலிருக்கிறது. தேய்த்தால் துணி இழுபடும் என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுத்தாள்.

கொழுந்தன் குளித்துவிட்டு வந்து, "என் லுங்கி எங்கடி?" என்றார்.

"உங்க மருமகப் புள்ளைக்கு ஒத்திகை பார்க்கப் போயிருக்கு."

கடைசியில் ஒரு கட்டத்துக்கு நீலம் போதவில்லை. "லுங்கியைப் போட்டுடலாமா?" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. நான் முதலில் தைத்த கோணல் காற்றாடியையே அழுத்தி இஸ்திரி போட்டு ஒரு மூலையில் சேர்த்தேன்.

வளைகாப்பு முடிந்து நாத்தனார் வந்தாள். கை நிறைய வளையல். போர்வையைக் கட்டிலில் விரித்தாள். தாவணியைத் தடவுவது போல ஒவ்வொரு காற்றாடியாகத் தடவிக்கொண்டே போனாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது.

"இது என்னது, இது மட்டும் நெஜமாவே சுத்துது?"

ஓரகத்தி என் விலாவில் இடித்தாள். எப்போதும்போல் தலையசைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம்.

"அது நான் தைச்சது," என்றேன். கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. "மத்ததெல்லாம் இவ சொல்லிக் குடுத்த மாதிரி தைச்சது."

"சின்னண்ணியா? சோம்பேறின்னுல்ல சொன்னாங்க!"

"அதனாலதான்," என்றாள் ஓரகத்தி.